வெண்குஷ்டம் அல்ல, வெண்புள்ளி: தோல் நோய்களின் பெயர்களைச் சரியாக அறிவோம்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை நேரம். மதரஸா அலுவலக அறையில் உட்கார்ந்திருந்தோம். மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தாயார் தன் தம்பியை அழைத்துக்கொண்டு வந்தார். “ஹஜ்ரத், புள்ளைக்கு நிகாஹ் பேசி முடிச்சிருந்தோம். மாப்பிள்ளை வீட்டுப் பெண்டுகள் வந்தப்ப கால்ல இருக்கிற வெள்ளையைப் பார்த்துட்டாங்க. குஷ்டம் இருக்கிற வீட்டுல சம்பந்தம் வேணாம்னு ஆள் சொல்லி அனுப்பிட்டாங்க. நீங்க ஒரு வார்த்தை பேசிப் பாருங்க” என்றார்.

போய்ப் பேசினோம். மாப்பிள்ளையின் வாப்பா மரியாதை தெரிந்தவர். தேநீர் கொடுத்து உட்கார வைத்துவிட்டுக் கேட்டார்: “ஹஜ்ரத், குர்ஆன் தர்ஜுமாவிலேயே வெண்குஷ்டம்னுதானே போட்டிருக்கு? வெள்ளையா இருந்தா என்ன, கறுப்பா இருந்தா என்ன, குஷ்டம் குஷ்டம்தானே?”

அன்று நம்மிடம் தெளிவான பதில் இல்லை. பரஸ் என்ற அரபுச் சொல்லை ஓதியிருக்கிறோம், ஓதிக் கொடுத்தும் இருக்கிறோம். ஆனால் அந்தப் பெண்ணின் காலில் இருப்பது என்ன, அதை மருத்துவர் என்ன பெயரில் அழைக்கிறார் என்பது நமக்குத் தெரியாது. சம்பந்தம் நின்றுபோனது.

அதற்கு அடுத்த ஆண்டு அதே மஹல்லாவில் இன்னொரு செய்தி. முன்கையில் வெளிறிய படை ஒன்று இருந்த ஓர் இளைஞர், “தேமல்தான், தானாகப் போய்விடும்” என்று மருந்துக் கடையில் களிம்பு வாங்கிப் பூசிக்கொண்டே பல மாதங்களை ஓட்டிவிட்டார். ஒரு நாள் கொதிக்கும் தேநீர் அந்த இடத்தில் கொட்டியும் அவருக்குச் சூடு உறைக்கவில்லை. அதன் பிறகே மருத்துவமனைக்குப் போனார். தொழுநோய் என்றார்கள். சிகிச்சை முடிந்து குணமாகிவிட்டார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் சுண்டுவிரல் மடங்கியது மடங்கியபடியே நின்றுவிட்டது.

ஒரு வீட்டில் இல்லாத நோயின் பெயரைச் சூட்டினோம். இன்னொரு வீட்டில் இருந்த நோயின் பெயரை நினைத்துப் பார்க்கவே பயந்தோம். இரண்டுக்கும் காரணம் ஒன்றே: தோல் நோய்களின் பெயர்களைப் பற்றிய நமது அறியாமை. நாம் மருத்துவர் அல்ல. அந்த இரண்டு நிகழ்வுகளுக்குப் பிறகு மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையே இங்கே தருகிறோம். நோயை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர்தான். அவர் சொல்வதைப் புரிந்துகொள்ள இது உதவினால் போதும்.

குஷ்டம் என்ற சொல் எப்படி வந்தது?

குஷ்டம் என்பது வடமொழிச் சொல். தமிழில் குட்டம் என்றும் எழுதுவார்கள். பழைய ஆயுர்வேத, சித்த மருத்துவ நூல்களில் இது ஒரு தனி நோயின் பெயர் அல்ல. தோலைப் பாதிக்கும் பல நோய்களுக்கான பொதுப் பெயர். குஷ்டத்தில் 18 வகை என்று அவர்கள் எண்ணினார்கள். அரிப்பும் படையும் சொறியும்கூட அந்தக் கணக்கில் அடங்கும். அந்த வழக்கின்படி பார்த்தால் வெண்குஷ்டம் என்பதற்கு ‘வெள்ளையாகத் தெரியும் தோல் நோய்’ என்பதற்கு மேல் பொருள் இல்லை.

பிற்காலத்தில் மக்கள் வழக்கில் குஷ்டம் என்ற சொல் சுருங்கி, விரல்களை முடமாக்கும் அந்த ஒரு நோயை மட்டும் குறிக்கத் தொடங்கியது. பெருநோய், பெருவியாதி என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தான். இன்று நாம் தொழுநோய் என்கிறோம். சொல்லின் பொருள் சுருங்கிய பிறகும் வெண்குஷ்டம் என்ற பெயர் மட்டும் மாறாமல் நின்றது. அதனால் கேட்பவர்கள் அதைத் தொழுநோயின் ஒரு வகை என்று எண்ணிவிட்டார்கள். உண்மையில் இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை.

இந்தக் குழப்பத்தால் பாதிக்கப்பட்டவர்கள் பலர் குரல் கொடுத்ததன் பயனாகத் தமிழ்நாடு அரசே வெண்குஷ்டம் என்ற சொல்லை விட்டு, வெண்புள்ளிகள் என்ற பெயரைப் பயன்படுத்த ஆணையிட்டது. மருத்துவர்கள் இதை விடிலிகோ என்கிறார்கள். லூக்கோடெர்மா என்று எழுதுவதும் உண்டு.

அரபியில் இரண்டு சொற்கள்

மாப்பிள்ளையின் வாப்பா கேட்ட கேள்விக்குப் பதில் அரபு மொழியிலேயே இருக்கிறது. அரபியில் தொழுநோய்க்கு ஜுதாம் என்று பெயர். தோல் வெண்மையாவதற்கு பரஸ் என்று பெயர். இரண்டும் வேறு வேறு சொற்கள். ஈஸா (அலை) அவர்களின் அற்புதங்களைச் சொல்லும் ஆலு இம்ரான் 49ஆம் வசனத்திலும் அல்மாயிதா 110ஆம் வசனத்திலும் வருவது அப்ரஸ் என்ற சொல். அதாவது, பரஸ் உடையவர். தர்ஜுமா செய்த பெரியவர்கள் தங்கள் காலத்தில் வழக்கில் இருந்த தமிழ்ச் சொல்லைப் போட்டார்கள். குறை அவர்களுடையது அல்ல. அந்தச் சொல்லின் பொருள் மாறிவிட்டதுதான் சிக்கல்.

நபி (ஸல்) அவர்கள் பாதுகாப்புத் தேடிய நோய்களின் துஆ அபூதாவூதில் இடம்பெற்றுள்ளது. அதிலும் பரஸ் தனியாகவும் ஜுதாம் தனியாகவும் சொல்லப்படுகின்றன. ஜுதாம் உள்ளவரிடமிருந்து விலகி இருக்கும்படி சொல்லும் ஹதீஸ் புகாரியில் உள்ளது. அது ஜுதாமைப் பற்றியது. அதை எடுத்து வெண்புள்ளி உள்ளவர் மீது பொருத்துவது சொல்லையும் பொருளையும் மாற்றுவதாகும்.

உவைஸுல் கர்னி (ரஹ்) அவர்களை நினைத்துப் பாருங்கள். அவர்களுக்கு பரஸ் இருந்தது என்றும், ஒரு திர்ஹம் அளவு இடத்தைத் தவிர மற்றவை குணமாயின என்றும் ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. அவரைச் சந்தித்தால் தமக்காகப் பாவமன்னிப்புத் தேடச் சொல்லுமாறு உமர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். உடலில் வெண்மை இருந்த ஒருவரிடம் போய் துஆ கேட்கச் சொன்ன மார்க்கம் இது. அதே வெண்மைக்காக ஒரு பெண்ணின் வீட்டுப் படியை மிதிக்க மாட்டோம் என்கிறோம் நாம்.

வெண்புள்ளி என்பது என்ன?

நமது தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்ற நிறமி. அதை உண்டாக்கும் செல்கள் தோலில் இருக்கின்றன. உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு சக்தியே தவறுதலாக அந்தச் செல்களைத் தாக்கி அழிக்கும்போது, அந்த இடம் பால் போல் வெண்மையாகிவிடுகிறது. கிருமி ஏதும் இதில் இல்லை. ஆகவே தொட்டாலும், ஒன்றாக உண்டாலும், உடுத்தியதை உடுத்தினாலும், கணவன் மனைவியாக வாழ்ந்தாலும் இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போகாது.

மீனும் பாலும் சேர்த்துச் சாப்பிட்டதால் வந்தது என்று நம் வீடுகளில் சொல்வார்கள். அதற்கும் இதற்கும் தொடர்பு இல்லை. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்பு சற்றுக் கூடுகிறது என்பது உண்மை. ஆனால் வெண்புள்ளி உள்ளவர்களின் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அது வருவதில்லை. சிலருக்கு இதனுடன் தைராய்டு கோளாறும் இருக்கலாம் என்பதால் மருத்துவர் இரத்தப் பரிசோதனை எழுதித் தருவார்.

சிகிச்சை உண்டு. ஸ்டீராய்டு களிம்பு, டாக்ரோலிமஸ் களிம்பு, குறுகிய அலைவரிசை புறஊதா ஒளிச் சிகிச்சை ஆகியவை வழக்கத்தில் உள்ளவை. மேலும் பரவாமல் நிலைத்துவிட்ட இடங்களில் தோல் ஒட்டுச் சிகிச்சையும் செய்கிறார்கள். முகத்தில் நிறம் திரும்புவது எளிது. விரல் நுனி, உதடு போன்ற இடங்களில் கடினம். மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். “பத்து நாளில் நிறம் வரும்” என்று சுவரொட்டி ஒட்டுபவரிடம் பணத்தைக் கொடுத்து ஏமாற வேண்டாம்.

தொழுநோய்: பெயரைக் கேட்டு ஒளிய வேண்டியதில்லை

தொழுநோய் ஒரு நுண்கிருமியால் வருவது. 1873இல் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார். அதனால் ஹான்சன் நோய் என்றும் சொல்வார்கள். இது யாருடைய பாவத்துக்கும் தண்டனை அல்ல, சாபமும் அல்ல.

இந்தக் கிருமி தோலையும் நரம்பையும் தாக்கும். அதனால் தோன்றும் படை வெளிறியோ சிவந்தோ செம்பு நிறத்திலோ இருக்கும். வெண்புள்ளியைப் போல் பால் வெண்மையாக இருக்காது. முக்கிய அடையாளம், அந்த இடத்தில் உணர்வு குறைந்திருப்பது. சூடு, குளிர், வலி தெரியாது. முடி உதிர்ந்திருக்கலாம், வியர்வை இல்லாமல் இருக்கலாம். விரல்கள் மடங்குவதும் புண்ணாவதும் நரம்பு பாதிக்கப்படுவதன் விளைவு. ஆரம்பத்திலேயே மருந்து தொடங்கினால் அந்த நிலைக்குப் போகாது.

கூட்டு மருந்து சிகிச்சை என்று இதற்குப் பெயர். ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபாசிமின் ஆகியவை அதில் உள்ள மருந்துகள். உலக சுகாதார நிறுவனம் 1981இல் இதைப் பரிந்துரைத்தது. நோயின் அளவைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இலவசம். சிகிச்சை தொடங்கியதுமே மற்றவருக்குப் பரவும் தன்மை வெகுவிரைவில் நீங்கிவிடும். சிறுநீர் செந்நிறமாகப் போவதும் தோல் கறுப்பதும் மருந்தின் விளைவுகள்தான். பயந்துபோய் நடுவில் நிறுத்திவிடக் கூடாது.

வெளிறியதெல்லாம் ஒன்றல்ல

தோல் வெளுத்துத் தெரிந்தால் நாம் உடனே ஏதாவது ஒரு பெயரைச் சொல்லிவிடுகிறோம். குறைந்தது நான்கு வேறு நோய்கள் அப்படித் தெரியலாம்.

தேமல்: நெஞ்சு, முதுகு, கழுத்தில் சிறு சிறு புள்ளிகளாக வரும். லேசாகச் சுரண்டினால் தவிடு போல் உதிரும். ஒரு வகைப் பூஞ்சையால் வருவது. மருத்துவர் சீட்டில் டினியா வெர்சிகலர் அல்லது பிட்டிரியாசிஸ் வெர்சிகலர் என்று இருக்கும். பூஞ்சைக்கான களிம்பில் குணமாகும். பூஞ்சை போன பிறகும் நிறம் திரும்பச் சில மாதங்கள் ஆகும். அதற்குள் மருந்து பலிக்கவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம்.

குழந்தைகளின் கன்னத்தில் வரும் வெளிறிய படை: பிட்டிரியாசிஸ் ஆல்பா என்பார்கள். வயிற்றுப் பூச்சியால் வந்தது என்று உம்மாமார் பூச்சி மருந்து கொடுப்பார்கள். இது தோல் வறட்சியோடு தொடர்புடையது. வெயிலில் இன்னும் எடுப்பாகத் தெரியும். ஈரப்பதம் தரும் களிம்பே பெரும்பாலும் போதும். வயது ஏற ஏற மறையும்.

வெண்புள்ளி: பால் வெண்மை. உதிராது, அரிக்காது. உணர்வு முழுமையாக இருக்கும்.

தொழுநோய்ப் படை: வெளிறியிருக்கும். உணர்வு குறைந்திருக்கும்.

நமது ஃபிக்ஹ் நூல்களை எழுதியவர்கள்கூட இந்த வேறுபாட்டைக் கவனித்திருக்கிறார்கள். தோலின் மேற்பரப்பில் மட்டும் நிறம் மாறுவதை பஹக் என்று தனியாகப் பெயரிட்டு, அது பரஸில் சேராது என்று எழுதியிருக்கிறார்கள். அவர்களிடம் இருந்த நிதானம் நமக்கும் வேண்டும்.

படர்தாமரையும் களிம்பின் பெயரும்

தொடை இடுக்கு, இடுப்பு, அக்குள் போன்ற இடங்களில் வட்டமாக ஓரம் சிவந்து படரும் அரிப்புக்குப் படர்தாமரை என்று பெயர். மருத்துவர் டினியா என்று எழுதுவார். இதுவும் பூஞ்சைதான். ஆனால் தேமலுக்குக் காரணமான பூஞ்சை அல்ல. துண்டு, உள்ளாடை வழியாக வீட்டில் மற்றவர்களுக்கும் பரவும்.

சில ஆண்டுகளாக நம் நாட்டில் படர்தாமரை எளிதில் குணமாவதில்லை என்று தோல் மருத்துவர்கள் கவலைப்படுகிறார்கள். அதற்கு ஒரு முக்கியக் காரணம், கடையில் கேட்டு வாங்கிப் பூசும் கலவைக் களிம்புகள். அவற்றில் பூஞ்சை மருந்தோடு வீரியமான ஸ்டீராய்டும் கலந்திருக்கும். ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் உடனே அடக்கும். “இரண்டே நாளில் கேட்டது” என்று மகிழ்வோம். ஆனால் அந்த இடத்தின் எதிர்ப்பு சக்தியையும் அது அடக்கிவிடுவதால், பூஞ்சை சத்தமில்லாமல் படரும். களிம்பை விட்டதும் முன்பைவிட அதிகமாக வரும். நாளடைவில் தோல் மெலிந்து வரி வரியாக வெடிக்கும்.

இங்கும் பெயர்தான் நம்மை ஏமாற்றுகிறது. டியூபில் சிறிய எழுத்தில் உள்ள மருந்துப் பெயரைப் படித்துப் பாருங்கள். க்ளோட்ரிமசோல், கீட்டோகோனசோல், லூலிகோனசோல் என்று ‘கோனசோல்’, ‘மசோல்’ என முடிபவை பூஞ்சை மருந்துகள். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் போல ‘சோன்’ என முடிபவை ஸ்டீராய்டுகள். க்ளோபெட்டசால் என்ற பெயரைப் பார்த்தால் பூஞ்சை மருந்து போல் தோன்றும். ஆனால் அது மிக வீரியமான ஸ்டீராய்டு. க்ளோட்ரிமசோல் என்று நினைத்து க்ளோபெட்டசால் பூசியவர்கள் உண்டு. இத்தகைய ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் மத்திய அரசு 2018இல் சேர்த்தது. ஆனாலும் கேட்டால் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. கேட்காமல் இருப்பது நம் கையில் உள்ளது.

கல்யாணத்துக்கு முன் முகம் வெளுக்க என்று பெண்பிள்ளைகள் பூசும் சில கிரீம்களிலும் இதே ஸ்டீராய்டு இருக்கிறது. முதலில் முகம் பளிச்சென்று தெரியும். பிறகு பரு, சிவப்பு, முகத்தில் முடி என்று பலன் காட்டும். விட்டால் எரியும், விடாவிட்டால் கெடும். உம்மாமார் இதில் கவனமாக இருக்க வேண்டும்.

ஸ்டீராய்டு என்றாலே விஷம் என்றும் எண்ண வேண்டாம். சரியான நோய்க்கு, சரியான அளவில், சரியான நாட்களுக்கு மருத்துவர் தந்தால் அது நல்ல மருந்து. அளவுக்கும் ஒரு கணக்குச் சொல்கிறார்கள்: ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கிய களிம்பு, இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குப் போதும்.

சொறி, சிரங்கு: ஒருவருக்கு அல்ல, வீட்டுக்கே மருந்து

மதரஸா விடுதியில் ஓதிய நாட்களில் நாம் அனைவரும் அனுபவித்தது இது. இரவில் படுத்தால் தூங்க முடியாத அரிப்பு. விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு என்று சொறிந்து சொறிந்து புண்ணாகும். ஸ்கேபிஸ் என்பது மருத்துவப் பெயர். அரபியில் ஜரப். கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு பூச்சி தோலுக்குள் துளை போட்டு முட்டையிடுவதால் வருவது. சுத்தமில்லாதவருக்குத்தான் வரும் என்பது தவறு. நெருங்கிப் படுத்து உறங்கும் யாருக்கும் வரும். உலக சுகாதார நிறுவனம் 2017இல் இதைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

இதற்கு வழக்கமாகத் தரும் மருந்து 5 விழுக்காடு பெர்மெத்ரின் களிம்பு. அரிக்கும் இடத்தில் மட்டும் பூசினால் பயன் இல்லை. கழுத்து முதல் உள்ளங்கால் வரை இரவில் பூசி, காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மீண்டும் ஒரு முறை. அரிப்பு இல்லாதவர்கள் உட்பட வீட்டில் உள்ள அனைவரும் ஒரே நாளில் பூச வேண்டும். ஏனென்றால் பூச்சி வந்து சில வாரங்கள் கழித்துத்தான் அரிப்பே தொடங்கும். போர்வை, துணிகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் போட வேண்டும். பூச்சி செத்த பிறகும் இரண்டு, மூன்று வாரம் அரிப்பு நீடிக்கலாம். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் மருத்துவரைக் கேட்டே பூச வேண்டும்.

அரிப்பை அற்பமாக நினைக்க வேண்டாம். ஆண்களுக்குத் தடுக்கப்பட்ட பட்டாடையை, அரிப்பால் அவதிப்பட்ட அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி), ஸுபைர் (ரலி) இருவருக்கும் நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. ஒரு தோல் நோயாளியின் சிரமத்துக்கு மார்க்கம் கொடுத்த மதிப்பு அது.

அக்கி, கரப்பான், காளாஞ்சகப்படை

அக்கி: உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டை போல எரிச்சலோடு நீர்க் கொப்புளங்கள் வரும். ஹெர்பஸ் ஸோஸ்டர் என்பது மருத்துவப் பெயர். சிறு வயதில் சின்னம்மை வந்தபோது உடலில் தங்கிய அதே வைரஸ், பல ஆண்டுகள் நரம்பில் உறங்கிக் கிடந்து மீண்டும் எழுவதே அக்கி. குயவரிடம் போய்க் காவியால் அக்கி எழுதுவது ஊர் வழக்கம். நம்மிடம் ஓதிப் பார்க்கவும் வருகிறார்கள். தாராளமாக ஓதுகிறோம். ஆனால் இப்போதெல்லாம் முதலில் கேட்பது, “கொப்புளம் வந்து எத்தனை நாள் ஆச்சு?” என்றுதான். ஏனென்றால் அசைக்ளோவிர் போன்ற மருந்துகளை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பயன் கிடைக்கும். தாமதித்தால், குறிப்பாக வயதானவர்களுக்கு, புண் ஆறிய பிறகும் மாதக்கணக்கில் நரம்பு வலி நிற்கும். கண்ணுக்கு அருகில் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கரப்பான்: மருத்துவர் எக்ஸிமா என்பார். குழந்தைகளுக்குக் கன்னத்திலும், முழங்கை, முழங்கால் மடிப்பிலும் வரும். தோல் ஈரப்பதத்தைப் பிடித்து வைக்க முடியாததும் ஒவ்வாமையும் சேர்ந்தது இது. ஒட்டாது. கத்தரிக்காய், கருவாடு என்று ‘கரப்பான் பண்டங்கள்’ அனைத்தையும் நிறுத்திப் பிள்ளையை மெலிய வைப்பதைவிட, குளித்த உடனே ஈரத்தோடு ஈரத்தோடாக மாய்ச்சரைசர் பூசுவதே அடிப்படைச் சிகிச்சை.

காளாஞ்சகப்படை: சோரியாசிஸ். முழங்கை, முழங்கால், தலையில் தடித்து, வெள்ளி நிறச் செதில்கள் உதிரும். இதுவும் எதிர்ப்பு சக்தியின் கோளாறுதான். கிருமி இல்லை, ஒட்டாது. ஸஃப்பில் இவர் பக்கத்தில் நிற்கத் தயங்குபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். மூட்டு வலியும் சேர்ந்து வந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

பெயரில் ஏமாறும் இன்னொன்று, பெருநாள், கல்யாண நேரங்களில் வரும் கறுப்பு மருதாணி. உண்மையான மருதாணி செந்நிறமாகத்தான் சிவக்கும். உடனே கறுப்பாகப் பிடிக்கும் கோன்களில் தலைச்சாயத்தில் உள்ள ரசாயனம் கலந்திருக்கலாம். வரைந்த கோலம் அப்படியே கொப்புளமாக எழும். அப்படி ஒருமுறை வந்தவர் பிறகு தலைச்சாயத்திலும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

ஒளுவும் களிம்பும்

களிம்பு பூசினால் ஒளு கூடுமா என்று கேட்டு மருந்தையே விடுபவர்கள் இருக்கிறார்கள். தோலில் ஊறிவிடும் எண்ணெய், கிரீம் ஆகியவற்றின் மினுமினுப்பு மட்டும் இருந்தால் அது தண்ணீரைத் தடுப்பதில்லை. தண்ணீர் படாதபடி தடிப்பாக அப்பியிருந்தால் கழுவிவிட்டு ஒளு செய்து, பிறகு பூசிக்கொள்ளலாம். கட்டு போட்டிருந்தாலோ, தண்ணீர் பட்டால் நோய் கூடும் என்று மருத்துவர் சொன்னாலோ அதற்குரிய சலுகைகள் இருக்கின்றன. மஸஹ், தயம்மும் ஆகியவற்றின் விவரத்தை உங்கள் மத்ஹபின்படி உள்ளூர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

காயம்பட்ட ஒருவரைக் குளித்தே ஆக வேண்டும் என்று தோழர்கள் கூறி, அதனால் அவர் இறந்துபோன செய்தி அபூதாவூதில் உள்ளது. நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்து, அறியாமைக்கு மருந்து கேட்டுத் தெரிந்துகொள்வதே என்ற கருத்தில் சொன்னார்கள். மார்க்கத்தை ஆலிமிடமும் நோயை மருத்துவரிடமும் கேட்பதுதான் அந்த வழி.

நிகாஹ் பேசும்போது

ஷாஃபிஈ மத்ஹப் நூல்களில், நிகாஹை முறித்துக்கொள்ளும் உரிமை தரும் குறைகளில் ஜுதாமும் பரஸும் எண்ணப்படுகின்றன. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டை விளங்கிக்கொள்ள வேண்டும். ஒன்று, அது உரிமைதானே தவிர, விலகியே ஆக வேண்டும் என்ற கட்டளை அல்ல. இரண்டு, முன்பே தெரிந்து மனமொப்பி நிகாஹ் செய்தவருக்கு அந்தப் பேச்சே இல்லை. ஆகவே பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் ஒளிக்காமல் சொல்லிவிடுவதே நேர்மை. கேட்பவர்கள் சரியான பெயரில் விளங்கிக்கொள்வதும் நேர்மையில் சேர்ந்ததே. “எனக்கு மனம் ஒப்பவில்லை” என்று ஒருவர் விலகலாம். “அந்த வீட்டில் குஷ்டம்” என்று ஊரில் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அது பொய், அவதூறு. அந்தப் பெண்ணின் தங்கைகளையும் சேர்த்தே அது சுடும்.

நாட்டின் சட்டமும் மாறியிருக்கிறது. 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்தில், கணவனுக்குத் தொழுநோய் இருந்தால் மனைவி மணமுறிவு கோரலாம் என்றிருந்தது. 2019இல் நாடாளுமன்றம் தொழுநோயை அதிலிருந்தும் வேறு நான்கு சட்டங்களிலிருந்தும் நீக்கிவிட்டது. குணமாகும் நோய்க்காகக் குடும்பம் பிரியக் கூடாது என்பதே காரணம்.

இப்போது அந்த மாப்பிள்ளையின் வாப்பா கேட்டால் நம்மிடம் பதில் இருக்கிறது. ஆனால் அந்தப் பெண்ணுக்கு அது அன்று தேவைப்பட்டது. அதனால்தான் இப்போது ஜும்ஆ பயானிலும் நிகாஹ் சபையிலும் வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் இதைச் சொல்கிறோம். வெண்குஷ்டம் என்ற சொல்லை இன்றோடு நம் வீடுகளில் விட்டுவிடுவோம். வெண்புள்ளி என்போம். உணர்வில்லாத படை ஒன்று கண்ணில் பட்டால் தேமல் என்று மூடி மறைக்காமல் அந்த வாரமே அரசு மருத்துவமனைக்குப் போவோம். மருத்துவர் எழுதும் பெயரைக் கேட்டு, எழுதி வைத்துக்கொள்வோம்.

நோயைத் தந்த அல்லாஹ்வே அதற்கான மருந்தையும் இறக்கியிருக்கிறான். நோயுற்ற நம் சகோதர, சகோதரிகளுக்கு அவன் பூரண ஷிஃபாவைத் தருவானாக. அவர்களைச் சொல்லால் நோகடிப்பதை விட்டு நம் நாவுகளையும் பாதுகாப்பானாக. ஆமீன்.